நீராடிச் சமைத்தது

ஏனுங்க அக்கா, உங்கள் பையிலிருந்து எட்டிப் பார்க்கிறதே அந்த நீல மூடி டப்பா, அதைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினீங்களா?

கோவித்துக்காதீங்க. முன்னே பின்னே தெரியாதவள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அடுத்தவர் பையை நோட்டம் விடுகிறாளே என்று நினைப்பீங்க. நான் அப்படிப்பட்டவள் இல்லைங்க. அந்த நீல மூடியைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது, அவ்வளவுதான். நித்து, பெரியம்மா புடவையை இழுக்காதே. இது என் பெண்ணுங்க, நிதர்சனா. யூகேஜி படிக்கிறாள். இவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நான் அப்படியே கணபதிக்குப் போகிறேன். அங்கே மோட்டார் கம்பெனியில் வைண்டிங் வேலை. என் பேர் கலாமணி.

உங்கள் வீட்டிலும் யாரோ மாலை போட்டிருக்கிறார்களாட்ட இருக்கிறது. தம்பியா? அப்படியானால் நான் சொல்வதை நீங்கள் கட்டாயம் கேட்டாகணும். பள்ளிக்கூட ஸ்டாப் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

முன்பக்கத்தைப் படித்துப் பாருங்க, எவ்வளவு நன்றாக இருக்கிறது. ‘வீட்டு விரதச் சாப்பாடு’. அதற்குக் கீழே ‘நீராடிச் சமைத்தது’. அதற்கும் கீழே ‘வெங்காயம், பூண்டு சேர்க்காத கைப்பக்குவம்’. ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு ‘இன்று காலை தயாரித்தது’. சாயந்திரம் ஏழு மணிக்குப் போனாலும் இன்று காலைதான். நடுவிலே ஓர் அம்மா படம். ஈரத் தலையில் துண்டு சுற்றி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, கரண்டியோடு சிரிக்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்காவது சந்தேகம் வருமா? எனக்கு எங்கள் ஊர் போஸ்ட் மாஸ்டர் வீட்டம்மா ஞாபகம் வந்தது. அந்தம்மா ஒரு வார்த்தை பொய் பேச மாட்டார்கள். அதனாலேயே அவர்களோடு யாரும் பேச மாட்டார்கள். அது வேறே கதை.

முதலிலிருந்து சொல்கிறேன். இந்த ஐப்பசி மழையில் இவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தானே என்று மிளகுக் கஷாயம் கொடுத்துப் பார்த்தோம். கேட்கவில்லை. அப்புறம் பார்த்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் ஊசி குத்திக் குழாய் மாட்டி, பிள்ளை முகம் காகிதம் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் சம்பத்துக்கு லேத் பட்டறையில் வேலை. சாமி கும்பிடு என்றால் ஆயுத பூசைக்கு ஒரு நாள், பொங்கலுக்கு ஒரு நாள் என்று இருக்கிற மனுசன். அவர் அந்த வராந்தாவில் நின்று, சுவரைப் பார்த்து, “பிள்ளை எந்திரிச்சு உக்காரட்டும், மாலை போட்டு மலைக்கு வர்றேன்” என்று சொன்னார். பக்கத்தில் நின்று நான் கேட்டேன். இவள் எழுந்து பிஸ்கட் கேட்டது மறுநாள் காலையில். இப்போது பாருங்க, ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள். அதனால் அந்த மாலை விளையாட்டு மாலை இல்லைங்க. இவளுக்காகப் போட்ட மாலை.

கார்த்திகை முதல் தேதி போட்டார். மாலை போட்டுவிட்டால் அவர் அவரில்லை, சாமி. நான் அவரைச் சாமி என்று கூப்பிட வேண்டும், அவர் என்னை மாளிகைபுரம் என்று கூப்பிட வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். குளிக்கிற அறைக்குள்ளிருந்து, “மாளிகைபுரம், சோப்பு எங்கீங்க?” என்று மரியாதையாகக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். ஆறு வருசத்தில் எனக்குக் கிடைக்காத மரியாதை. வருசம் பூராவும் மாலை போட்டிருந்தால்கூட நல்லதுதான்.

அவர்கள் குழுவுக்கு ரங்கண்ண குருசாமி என்று ஒருவர். பட்டறைக்குப் பக்கத்திலேயே பஞ்சர்க் கடை வைத்திருக்கிறார். மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். பழைய சாமி, ரொம்பக் கண்டிப்பு. வெங்காயம் ஆகாது, பூண்டு ஆகாது, ஓட்டல் ஆகவே ஆகாது. வீட்டில் பெண்கள் குளித்துவிட்டு அவர்கள் கையால் ஆக்கிப் போட்டதைத்தான் சாப்பிட வேண்டும். அதிலும் எங்கள் சாமி முதல் தடவை போகிறவர், கன்னிசாமி. கன்னிசாமிக்குக் கட்டு இன்னும் கெட்டி.

பொய் சொல்லக் கூடாதுங்க. ஆரம்பத்தில் நானேதான் சமைத்தேன். விடிவதற்கு முன்னால் எழுந்து, தலைக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, பல் கிடுகிடுவென்று நடுங்க அடுப்பைப் பற்ற வைத்தேன். கொண்டு போனார், சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவதுதான் அவர் பாராட்டுகிற விதம் என்று கல்யாணமான நாளிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எனக்கு அந்த மூன்று நாள் வந்தது. நாம் சாமிக்கு ஆக்கிப் போடக் கூடாதே. எதிர் வீட்டு ஜெயந்தியக்காவிடம் போய், “அக்கா, சாமிக்கு மத்தியானச் சோறு மட்டும் பண்ணிக் குடுங்க” என்று கேட்டேன். “அதுக்கென்ன கண்ணு, குடுத்துட்டாப் போவுது” என்றது. முதல் நாள் சாயந்திரம் சாமி வீட்டுக்குள் நுழையும்போதே முகம் மலர்ந்து கிடக்கிறது. “ஜெயந்தியக்கா ஒரு சாம்பார் வெச்சாங்க பாரு மாளிகைபுரம்! குருசாமி ஒரு வாய் வாங்கித் தின்னுட்டு, ஆரு சாமி ஆக்குனதுன்னு ரெண்டு தடவை கேட்டுட்டாரு.”

மனுசன் பேசுவார், அக்கா. சாம்பாரைப் பற்றிப் பேச அவருக்கு வார்த்தை இருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

என் நாள் முடிந்ததும் முதல் வேலையாக ஜெயந்தியக்கா வீட்டுக்குப் போய், அந்தச் சாம்பாருக்கு என்ன போட்டீங்க என்று கேட்டேன். அது சிரித்துக்கொண்டே என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப் போய், குப்பைக் கூடையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டியது. இதே நீல மூடி. “இதைத்தான் கண்ணு உங்க சாமி பாராட்டறாரு. எனக்கெங்க நேரம் ஆக்கறதுக்கு? கடையில வாங்கித் தூக்குப் போசியில மாத்திக் குடுத்தேன்.”

எனக்கு வந்ததே கோபம். “விரதம் இருக்கிற மனுசனை இப்படி ஏமாத்தலாமாக்கா? அவரு நம்பித்தானே சாப்பிட்டாரு?” என்று நன்றாகக் கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு, அந்தக் கடை எந்த வீதியில் இருக்கிறது என்றும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீங்க? அதுவும் இதுவும் ஒன்றில்லைங்க. ஜெயந்தியக்கா வாங்கி அப்படியே கவிழ்த்துக் கொடுத்தது. நான் அப்படியா செய்தேன்? முதல் நாள் சாயந்திரம் கம்பெனி விட்டு வரும்போது வாங்கி வருவேன். காலையில் எழுந்து தலைக்குக் குளிக்காமல் அந்த டப்பாவைத் தொட்டதே கிடையாது. வாணலியில் ஊற்றிச் சுட வைத்து, கடுகும் கறிவேப்பிலையும் என் கையாலேயே தாளித்துக் கொட்டுவேன். பொரியலுக்கு ஒரு பிடி தேங்காய் துருவிப் போடுவேன். அப்புறம்தான் போசியில் போட்டு மூடுவேன். குளித்தாயிற்று, அடுப்பு பற்ற வைத்தாயிற்று, தாளித்தாயிற்று. சமையல் என்றால் வேறென்னங்க?

மூடிகளை மட்டும் நித்து விளையாட வைத்துக்கொண்டாள். ஒரு நாள் சாமி அதைப் பார்த்து, “இது ஏது?” என்றார். சோப்புத்தூளோடு இலவசமாகக் கொடுத்தார்கள் என்றேன். அந்தக் கடையில் நான் சோப்புத்தூளும் வாங்கத்தான் வாங்குகிறேன்.

முதல் நாளே பட்டறையிலிருந்து போன் போட்டார். பட்டறையிலிருந்து அவர் போன் போடுவது ஆஸ்பத்திரி விசயத்துக்குத்தான். பதறிப்போய் எடுத்தேன். “மாளிகைபுரம், ஜெயந்தியக்காவையே மிஞ்சிட்டீங்க” என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கம்பெனியில் கம்பி சுற்றுகிற கையே பறந்தது. சூப்பர்வைசர் வந்து, “என்ன கலாமணி, போனஸா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. நானும் நிம்மதி, அவரும் நிம்மதி, குருசாமியும் நிம்மதி. நித்துவுக்கு இரட்டைச் சடை பின்னிவிடக்கூட எனக்கு நேரம் கிடைத்தது. அந்தக் கடைக்காரர்கள் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் எங்கள் வீட்டில் ஒரு குறையும் வந்திருக்காது.

கன்னி பூசைதான் வினையாக வந்தது. முதல் தடவை போகிற சாமி தன் வீட்டில் பூசை வைத்து, குழுவில் இருக்கிற அத்தனை சாமிகளையும் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும். போட்டால்தான் இருமுடி கட்டி மலைக்குப் புறப்படலாம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வைத்தோம். குருசாமி என்ன சொல்லி அனுப்பினார் தெரியுமா? “வடை பாயசம்னு இழுத்து வுட்டுக்க வேண்டாஞ்சாமி. மாளிகைபுரம் தெனமும் குடுத்து வுடற அதே சாம்பாரு, அதே பொரியல், அது போதும். எல்லாச் சாமியும் ஒரு வாய் தின்னு பாக்கட்டும்.” சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு எங்கள் சாமி காதே கொடுக்கவில்லை. “உங்க கை இருக்கறப்ப ஆள் எதுக்கு?” என்றார்.

என்ன செய்வது? கடையில் போய் இருபத்தைந்து டப்பாவுக்குச் சொல்லி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி பஜனைக்குக் கோயிலுக்குப் போனதும், கடை வண்டி ஜெயந்தியக்கா வீட்டுக் கொல்லைப்புறம் வந்து இறக்கிவிட்டுப் போயிற்று. நான் குளித்துவிட்டுத்தான் போனேன். அக்காவையும் குளிக்கச் சொன்னேன். இரண்டு பேரும் உட்கார்ந்து, சாம்பாரை ஓர் அண்டாவில், சோற்றை ஓர் அண்டாவில் என்று கவிழ்க்கிறோம். காலி டப்பாவைக் குப்புறப் போட்டு அடுக்குகிறோம். அடுக்குகிறபோதுதான் அந்த முதுகுப்பக்கம் என் கண்ணில் பட்டது. அத்தனை நாள் வாங்கியிருக்கிறேன், ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. முன்பக்கம் தமிழில் கொட்டை எழுத்து, பின்பக்கம் இங்கிலீசில் எறும்பு எழுத்து. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் படித்தவள் நான். எழுத்துக்கூட்டினால் படித்துவிடுவேன்.

சாம்பார்ப் பொடி என்று போட்டு, அதற்குள்ளே என்னென்ன என்று வரிசையாக எழுதியிருக்கிறது. மல்லி. மிளகாய். வெந்தயம். வெங்காயத் தூள். பூண்டுத் தூள்.

இன்னொரு தடவை எழுத்துக்கூட்டினேன். அதேதான் வந்தது. அதற்குக் கீழே தயாரித்த தேதி. அது ஒரு வாரத்துக்கு முந்தின தேதி. அதற்கும் கீழே, மூக்கு ஒட்டுகிற மாதிரி வைத்துப் பார்த்தால்தான் தெரியும், கோழி, மீன், முட்டை சமைக்கிற அதே கூடத்தில்தான் இதுவும் தயாராகிறதாம்.

டப்பாவைக் கீழே வைத்தேன். திரும்பிப் பார்த்தால் இவள் கொல்லை வாசலில் நின்று நீல மூடியை வளையம் மாதிரி உருட்டிக்கொண்டிருக்கிறாள். இவளுக்காகத்தானே போட்ட மாலை?

“அக்கா, நிறுத்துங்க” என்றேன்.

விசயத்தைச் சொன்னேன். ஜெயந்தியக்கா டப்பாவைத் திருப்பிப் பார்த்தது, கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை என்றது. “இத்தனை நாளா இதைத்தானே கண்ணு தின்னாரு? என்ன ஆயிப்போச்சு? இன்னிக்கு ஒரு நாள் போட்டுட்டு வுட்டுரு.”

“இத்தனை நாளும் தெரியாம போட்டது. அது கடைக்காரன் பாவம். இனித் தெரிஞ்சு போட்டா என் பாவமாயிரும்.”

“சாமிங்களுக்குத் தெரியவா போவுது?”

“தெரியாதுங்கறதுக்காக மத்தவங்களை ஏமாத்தற ஆளு நான் இல்லைங்க்கா” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். ஜெயந்தியக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. ஏன் அப்படிப் பார்த்தது என்று அப்போது யோசிக்க எனக்கு நேரமில்லை. இரண்டு அண்டாவையும் அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அந்தச் சாம்பாரை அவர்கள் வீட்டில் பிரிட்ஜில் வைத்து வைத்துத் தின்றார்களாம், அது வேறே.

பஜனை முடிகிற நேரம். வீட்டில் காய் ஒன்றும் இல்லை. வாங்கினால்தானே இருக்கும்? மறுபடியும் தலைக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பெரிய அண்டாவை ஏற்றி, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகப் போட்டு அரிசிம்பருப்பு ஆக்கினேன். நம் பக்கத்துச் சாப்பாடுதானே, நினைத்தால் ஆக்கிவிடலாம். ஆனால் அரிசிம்பருப்புக்கு ருசியே சின்ன வெங்காயமும் பூண்டும்தான். இரண்டும் இல்லாமல் இருபத்தைந்து பேருக்கு நான் எந்த நாளில் ஆக்கினேன்? உப்புக் கைக்கு வரவில்லை. அடியில் பிடித்துக்கொண்டது. அண்டாவைத் தள்ளப் போய், இதோ பாருங்க, மணிக்கட்டில் சுட்டுக்கொண்டேன். இன்னும் கொப்புளம் ஆறவில்லை.

சரணம் சொல்லிக்கொண்டு சாமிகள் வந்தார்கள். பூசை ஆயிற்று. இலை போட்டேன். அரிசிம்பருப்பு, தயிர், அப்பளம். எல்லோரும் ஒரு வாய் வைத்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு சாமி தண்ணீர் கேட்டார். இன்னொரு சாமியும் தண்ணீர் கேட்டார். எங்கள் சாமி இலையைப் பார்த்தபடியே குனிந்திருக்கிறார்.

கை கழுவியதும் குருசாமி எங்கள் சாமியைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்ன, நான் நிற்கிற கதவுக்கு அந்தப் பக்கம்தான். “சாமி, தப்பா எடுத்துக்கப்படாது. மாளிகைபுரத்தோட கை எனக்குத் தெரியும், தெனமும் தின்னிருக்கேன். இது அந்தக் கை இல்லை. எங்கியோ கடையில சொல்லி வாங்கிப் போட்டுட்டீங்களாட்ட இருக்குது. கன்னி பூசைக்குக் கடைச் சோறு செல்லாது சாமி.”

கேட்டீங்களா? அந்த மாசம் பூராவும் நான் என் கையால் அடியிலிருந்து ஆக்கிப் போட்டது அந்த ஒரு நேரம்தான்... சரி, ஆரம்பத்தில் சில நாள் உண்டு, அதைத் தவிர. கையில் கொப்புளத்தோடு நிற்கிறேன். என்னைப் பார்த்துக் கடைச் சோறு என்கிறார்! வெளியே போய், ‘குருசாமி, இதுதான் என் கை’ என்று நீட்டலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். இது என் கை என்றால், அப்போ அது யார் கை என்று கேட்பாரே. காலைப் பின்னாலே எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக அந்தக் கடைக்குப் போனேன். காலி டப்பா இரண்டைக் கையில் கொண்டுபோய், மேனேஜர் தம்பியின் மேசைமேல் போட்டேன். சின்னப் பையன், டையெல்லாம் கட்டியிருந்தான்.

“ஏந்தம்பி, முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு எழுதுவீங்களா? வெங்காயம் சேர்க்கலைன்னு போட்டுட்டு, உள்ள வெங்காயத் தூளா?”

“அக்கா, நாங்க வெங்காயம் உரிக்கவே இல்லீங்க்கா. அது பொடிக்குள்ள வந்தது. பொடி வெளிய வாங்கறதுங்க.”

“இன்று காலைன்னு போட்டிருக்குதே, எந்தக் காலைல?”

“இங்க கடையில அடுக்குனது இன்னிக்குக் காலைலதாங்க்கா.”

“நீராடிச் சமைத்ததுன்னு இருக்குதே? ஆரு நீராடுனது? இந்தம்மா ஆரு?”

“அது ஓவியங்க்கா. கம்ப்யூட்டர்ல வரைஞ்சது. எங்க ஆளுங்க எல்லாரும் தெனமும் குளிச்சிட்டுத்தான் வர்றாங்க.”

எப்படி இருக்கிறது பாருங்க! “நம்பி வாங்கறவங்களை இப்படி ஏமாத்தறீங்களே, உங்க வீட்டு ஆளுங்களுக்கு இப்படிப் பண்ணுவீங்களா?” என்று சத்தம் போட்டேன். பில் போடுகிற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மெதுவாகப் பேசுகிறான். “நாங்க எதையும் மறைக்கலீங்க்கா. எல்லாம் பின்னாடி எழுதியிருக்கு. திருப்பிப் பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். நீங்க பார்க்கலைன்னாலும், வீட்டுல சாப்பிட்டவங்க ஒருத்தருமா டப்பாவைத் திருப்பிப் பார்க்கலை?”

“அவங்க எதுக்குப் பார்க்கறாங்க? நாந்தான் போசியில மாத்தி...” என்று பாதியில் நிறுத்திக்கொண்டேன். “அது எங்க வீட்டு விசயம் தம்பி. உங்க கடை விசயத்தைப் பேசுங்க.”

அவன் ஒரு சிரிப்பு சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் என்ன என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை. தப்பு செய்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்களாட்ட. கடைசியில் எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்து, சமாதானமாகப் போங்க என்றான். வாங்கிக்கொண்டேன், எதற்கு விடணும்? ஆனால் முதலில் முதுகுப்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தேன். இப்போதெல்லாம் நான் எதையும் பின்னாலிருந்துதான் படிக்கிறேன். மனுசங்களையும் அப்படிப் படிக்க முடிந்தால் நன்றாயிருக்கும் அக்கா. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. ஊரில் யாரை நம்புவது?

அங்கிருந்து ஐயப்பன் கோயிலுக்கும் போனேன். நிலைப்படிக்கு வெளியே நின்று, “சாமி, பூண்டு போட்டது அவங்க. கேக்கறதா இருந்தா அவங்களைக் கேளு. பிள்ளையை ஒண்ணும் பண்ணீராதே” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சொல்லும்போது மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மற்றபடி என் பக்கம் நியாயம் இருக்கிறது, நான் ஏன் அழுகிறேன்?

அடுத்த ஸ்டாப் எங்களதுதான். நித்து, பையை மாட்டிக்கோ. செருப்பு எங்கே ஒன்று? சீட்டுக்கு அடியில் பார்.

திங்கட்கிழமையிலிருந்து நானேதான் ஆக்குகிறேன். வெங்காயத் தூளும் இல்லை, பூண்டுத் தூளும் இல்லை. மல்லியும் மிளகாயும் நானே வறுத்து அரைத்தேன். போசி பாதிக்குப் பாதி அப்படியே திரும்பி வருகிறது. எங்கள் சாமி பேச்சையும் நிறுத்திவிட்டார். மாளிகைபுரம் என்றுகூடக் கூப்பிடுவதில்லை, “இந்தாங்க” என்கிறார்.

இன்றைக்குக் காலையில், நான் அடுப்படியில் நிற்கும்போது, குளித்து நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றார். “குருசாமி வெள்ளிக்கிழமை மத்தியானம் வர்றேன்னிருக்காரு. கூட ரெண்டு சாமி வருவாங்க. வீட்டுல ஆக்குன சோறு அவங்களுக்கு ஒரு நேரம் போட்டுட்டா, கன்னி பூசை முடிஞ்சதாவே எடுத்துக்கலாம், ஞாயித்துக்கெழமை இருமுடி கட்டிக்கலாம்னு சொல்லிட்டாரு. போடலைன்னா இந்த வருசம் மலை இல்லை.”

எனக்கு அடக்க முடியவில்லைங்க. கொப்புளத்தைக் காட்டி, “ஞாயித்துக்கெழமையும் நாந்தானுங்க சாமி ஆக்குனேன்” என்றேன்.

“மாலையோட நிக்கறேன், எங்கிட்டப் பொய் சொல்லாதீங்க” என்றார். கோபமே இல்லை அக்கா. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “கம்பெனியில ஆர்டர் ஜாஸ்தி. அத்தனை பேருக்கு ஆக்க உங்களுக்கு முடியலை. கடையில வாங்கிட்டீங்க. நான் அதைக் குத்தம் சொல்லலை.” இவள் அப்போது பாயில் உட்கார்ந்து நீல மூடியில் பாலை ஊற்றிப் பொம்மைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவள் தலைமேல் கையை வைத்தார். வைத்த கையை எடுத்து, என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். மாலை போட்ட சாமி என்னைக் கும்பிடுகிறார், நான் கரண்டியோடு நிற்கிறேன்.

“இது பிள்ளைக்காகப் போட்ட மாலை. உங்களைக் கையெடுத்துக் கும்புட்டுக் கேக்கறேன் மாளிகைபுரம். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நேரம், கடைச் சோறு வேண்டாம். முன்னெல்லாம் குடுத்து வுட்டீங்களே, அதே மாதிரி, உங்க கையாலயே ஆக்கிப் போடுங்க.”